நாணயத்தின் நாணயம்

நுழையும்முன்

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால், அதைத் துலக்கிப் பார்க்கவே நம் விரல்கள் முந்துகின்றன. தேய்ந்த காசில் கைவைக்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டென்றால் எதுவரை? பழவேற்காட்டுச் செப்புக்காசு ஒன்றை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது.

பொன்னேரியில் நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் படித்த பழவேற்காட்டு நண்பன் ஒருவன் தீப்பெட்டிக்குள் பொதிந்து ஒரு காசைக் கொண்டுவந்து தந்தான். ஏரிக்கரைச் சேற்றில் அவன் தந்தையின் காலில் இடறியதாம். கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. கரும்பச்சை நிறம், ஓரம் சற்றே வெடித்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒருபுறத்தில் எழுத்துப் பின்னல் ஒன்று மெல்லத் தெரியும். நேராகப் பிடித்தால் மறைந்துவிடும்.

அன்று மாலையே புளியும் உப்பும் கூட்டித் தேய்த்தேன். பிறகு செங்கல்தூள். பச்சை நீங்கிற்று, கருமை நீங்கவில்லை. நண்பனின் அண்ணன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், உலோகப் பொருள்களுக்கு மெருகேற்றும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவந்தார். "பஃபிங் சக்கரத்தில் ஒரு நொடி காட்டினால் போதும் தம்பி, கண்ணாடியாகிவிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மறுநாள் திரும்பி வந்த காசு அப்படியே கண்ணாடியாகத்தான் இருந்தது. எழுத்துப் பின்னல் இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

நான் செய்தது என்ன என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. சென்னையில் நாணய ஆர்வலர் ஒருவரின் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிறு தாளுறைக்குள் என் காசின் உடன்பிறப்பு இருந்தது. அதே அளவு, அதே கரும்பச்சை. ஆனால் அதன் முகத்தில், டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயர்ச் சுருக்கமாகிய வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னி நின்றன. அருகே பழவேற்காட்டைக் குறிக்கும் 'பி' என்னும் எழுத்து.

டச்சுக்காரர்கள் 1613 ஆம் ஆண்டு பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அங்கே அக்கசாலை அமைத்துக் காசும் அடித்தனர். 1690 இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். அங்கும் காசு அடித்தனர். 1825 இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று அவ்வூரில் கோட்டை இல்லை. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள கற்களில் பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்து அக்காலத்தைப் பற்றிப் பேச எஞ்சியவற்றுள் இத்தகைய செப்புக்காசுகளும் உண்டு. கல்லறைக் கற்கள் செல்வர்களின் சான்று. செப்புக்காசோ மீன் விற்றவரும் உப்பு வாங்கியவரும் நெசவுக்கூலி பெற்றவரும் கைமாற்றிய சான்று. அந்தச் சான்று இன்ன ஊரில் பிறந்தது எனச் சொல்லக்கூடிய ஒற்றை எழுத்தைத்தான் நாங்கள் சக்கரத்தில் காட்டினோம்.

துலக்குதலும் தொலைத்தலும்

நம் வீடுகளில் துலக்குதல் ஓர் அன்புச் செயல். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்க்கும் கையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சைவ சித்தாந்தம், உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் ஊறிய களிம்பையே உவமையாகக் காட்டும். களிம்பென்றால் நீக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் நம் சிந்தனையிலேயே ஊறியிருக்கிறது.

மண்ணில் பல நூற்றாண்டுகள் கிடந்த காசின் கதை வேறு. செம்பின் மேற்பரப்பு காற்றோடும் நீரோடும் மண்ணின் உப்புகளோடும் வினைபுரிந்து சிறிது சிறிதாகக் கனிமமாக மாறுகிறது. உள்ளே சிவந்த ஆக்சைடு, வெளியே பச்சைக் கார்பனேட்டு எனப் படலங்கள் அமைகின்றன. அச்சு பதித்த எழுத்தின் வடிவம் பல நேரங்களில் உலோகத்தில் இருப்பதில்லை. அந்தப் படலங்களுக்குள்தான் இருக்கிறது. படலத்தைச் சுரண்டினால் அழுக்கு மட்டும் போவதில்லை. எழுத்தும் கூடவே போகிறது. இறுகிப் படிந்த களிம்பு காசுக்கு ஒரு காப்பும் ஆகும். அடியிலுள்ள உலோகம் மேலும் அரிக்கப்படாமல் அது தடுக்கிறது.

எல்லாக் களிம்பும் இப்படி நல்லதன்று. பழவேற்காடு போன்ற உப்புநீர்க் கரையில் கிடைக்கும் காசுகளில் சில நேரம் இளம்பச்சைப் பொடி பூக்கும். விரலால் தொட்டால் உதிரும். செம்பினுள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தோற்றுவிப்பதால் வரும் நோய் அது. கைவைக்காமல் விட்டால் காசு தன்னைத் தானே தின்றுவிடும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. செப்புத்திருமேனிகளை இந்த நோயிலிருந்து காப்பது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்றாக இருந்தது. எனவே, பழம்பொருளைத் தொடவே கூடாது என்று நான் வாதிடவில்லை. மருத்துவரின் கத்தியும் கத்திதான். ஆனால் அவர் அறுக்குமுன் நோயைக் கண்டறிகிறார், அறுத்ததை ஏட்டில் எழுதிவைக்கிறார்.

சங்ககாலத்தில் நாணயங்களின் தரத்தை ஆராய்ந்து சொல்வோர்க்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனப் புலவர்கள் சிலர் அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். காசு நோக்கிய கண்களே கவிதையும் நோக்கின என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'அன்றாடு நற்காசு' என்னும் தொடரும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. புழக்கத்தில் உள்ள நல்ல காசு என்று குறிக்க வேண்டியிருந்தது என்றால், நல்லதல்லாத காசும் புழங்கியது என்றே பொருள். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல்லைத் தமிழர் இன்றும் வழங்குவது தற்செயலாகத் தோன்றவில்லை.

அமிலம் மீட்ட ஆண்டு

தேய்ந்த காசைத் திருத்துவது பற்றி உலக அளவில் நாணய ஆர்வலரிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை ஐந்து சென்டு நிக்கல் காசு ஒன்று வெளிவந்தது. ஒருபுறம் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் முகம், மறுபுறம் காட்டெருமை. அழகான காசு. ஆனால் ஆண்டைப் பொறித்த இடம் மேடாக அமைந்துவிட்டதால், கைமாறக் கைமாற முதலில் தேய்ந்தது ஆண்டுதான். ஆண்டு அழிந்த காசுகள் கோணிக்கணக்கில் சேர்ந்தன. அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருக்கும் அதே ஃபெரிக் குளோரைடு. அதன் ஒரு துளியைத் தேய்ந்த இடத்தில் விட்டால், மறைந்த எண்கள் மங்கலாக மேலெழுந்து வரும்.

இது மாயமன்று. அச்சு ஓங்கி விழும்போது எழுத்தின் அடியிலுள்ள உலோகமும் அழுத்தப்பட்டு இறுகுகிறது. மேற்பரப்பு தேய்ந்த பிறகும் அந்த இறுக்கம் உள்ளே தங்கியிருக்கிறது. இறுகிய இடத்தையும் இறுகாத இடத்தையும் அமிலம் வெவ்வேறு அளவில் அரிப்பதால் வடிவம் வெளிப்படுகிறது. திருடப்பட்ட வண்டியில் அராவி அழித்த அடிச்சட்ட எண்ணைத் தடயவியல் வல்லுநர்கள் மீட்பதும் இதே அடிப்படையில்தான்.

இதைச் செய்யலாமா? கூடாது என்போர் சொல்வது: அமிலம் பட்ட இடம் சொரசொரப்பான தழும்பாகிவிடும், எண்கள் நாளடைவில் மங்கும், மறுபடி அமிலம் விட்டால் மறுபடி உலோகம் கரையும். செய்யலாம் என்போர் சொல்வது: ஆண்டு தெரியாத காசு ஊமை, ஒரு சொல்லாவது பேசட்டுமே. அந்த நிக்கல் காசைப் பொறுத்தவரை நான் இரண்டாம் அணி. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு அது. ஆண்டு இழந்த ஒன்றில் அமிலம் விடுவதால் உலகம் எதையும் இழந்துவிடாது. அங்கே சந்தையும் ஓரளவு நேர்மையாகவே நடந்துகொள்கிறது. அமிலத்தால் ஆண்டு மீட்கப்பட்ட காசு என்று சொல்லி, அதற்கேற்பக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். சொல்லாமல் விற்பவரும் உண்டு. அவரைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

மறைக்கும் கை

எங்கள் பகுதியில் வயது முதிர்ந்த பெண்கள் சிலரிடம் விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் கோத்த மாலைகள் இருந்தன. காசின் தலைப்பில் வளையம் பற்றவைத்தோ துளையிட்டோ கோத்திருப்பார்கள். நாணயவியலார் கண்ணுக்கு அவை சேதமடைந்த காசுகள். என் கண்ணுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துளையில் ஏமாற்று இல்லை. இக்காசு கடைவீதியை விட்டு ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்தது என்று அத்துளை வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனால் அதே துளையை அடைத்தால்? ஒருமுறை வணிகர் ஒருவரிடம் வெள்ளி ரூபாய் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எடை சரியாக இருந்தது. ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் அரசியின் தலைக்கு மேலே வட்டமாக ஒரு நிறவேறுபாடு தெரிந்தது. துளையை வெள்ளியால் அடைத்து, அழிந்த முடிக்கற்றைகளை ஊசியால் கீறி வரைந்திருந்தார்கள். கைவேலை அருமையானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் திறமை எனக்கு எதிராகப் பயன்பட்டதுதான் வருத்தம். பணம் போனதைவிட, எவரோ ஒருவர் கழுத்தில் கிடந்த காசின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது உறுத்திற்று.

ஆண்டையும் அக்கசாலைக் குறியையும் மாற்றுவது இதைவிட எளிது. இன்று உங்கள் கையிலுள்ள ஒரு ரூபாயில் ஆண்டின் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை; விண்மீன் இருந்தால் ஐதராபாத்து; புள்ளி இருந்தால் நொய்டா; குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு புள்ளியை அராவி எடுத்தால் நொய்டாக் காசு கொல்கத்தாக் காசாகிவிடும். அமெரிக்கர் 1943 இல் செம்பைப் போருக்கு ஒதுக்கிவிட்டு எஃகில் ஒரு சென்டுக் காசு அடித்தார்கள். தவறுதலாகச் சில செம்பில் அடிபட்டுவிட்டன. அவற்றின் அருமை தெரிந்ததும், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியும், 1948 ஆம் ஆண்டுக் காசிலுள்ள 8 ஐ 3 ஆகச் செதுக்கியும் விற்கக் கிளம்பினர் பலர். முலாம் பூசியதைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றுக்கு நேர்மாறான ஒரு மாற்றம் நம் மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. 1898 ஆம் ஆண்டு புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் ஆழமான வெட்டு போடப்பட்டிருந்தது. இக்காசு இனிக் காசாகப் புழங்காது, பொன்னாக மட்டுமே மதிக்கப்படும் என அறிவிக்கவே வெட்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. காசைச் சிதைத்த வெட்டுதான் அது. ஆயினும் மறைவு இல்லாத வெட்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இக்காசை மதிப்பிட்டு ஒரு முடிவெடுத்தார் என்பதை இன்றும் அது உரக்கச் சொல்கிறது. நன்கு தேய்த்து மெருகிட்ட காசோ தனக்கு எதுவும் நேரவில்லை என்று நடிக்கிறது. சிதைத்தல், திருத்தல் என்னும் சொற்களை வைத்து மட்டும் நன்மை தீமையை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் எட்டும் தொலைவு

சட்டம் இவ்வகையில் நமக்கு ஓரளவுக்கே துணை நிற்கிறது. 2011 ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, அரசு வெளியிட்ட காசை உருக்குவதும் அழிப்பதும் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இரவும் பகலும் உலைகள் எரியும் கும்மிடிப்பூண்டியில் இதை நினைவூட்டுவது நல்லது. பழைய இரும்போடு எது வந்தாலும் உலைக்குள் விழுந்தால் ஒன்றுதானே. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு பழைமையுடைய காசைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது 1972 ஆம் ஆண்டின் சட்டம். இத்தனை சட்டங்கள் இருந்தும், பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையில் புளியோடு உட்காரும்போது அவனைத் தடுப்பதற்கு அருகில் எவருமில்லை.

'என் காசு, நான் என்னவும் செய்வேன்' என்பாரும் உளர். கடையில் வாங்கிய கரண்டிக்கு அது பொருந்தும். அமராவதி ஆற்றுப்படுகையில் கருவூரை ஒட்டிக் கிடைத்த சிறு காசுகளில்தான் மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வாசிக்கப்பட்டன. பெருவழுதி என்னும் பாண்டியன் பெயர் பொறித்த செப்புக்காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொணர்ந்தார். சங்ககால அரசர்கள் புலவர்களின் கற்பனை அல்லர் என்பதற்கு உலோகத்தில் எழுந்த சாட்சி அது. அந்த எழுத்துகளின் தடிமன் மயிரிழையளவு. அவர் கைக்கு வருமுன், அதைக் கண்டெடுத்தவர் ஒருமுறை செங்கல்தூளில் தேய்த்திருந்தால்? அப்படித் தேய்க்கப்பட்டவை எத்தனை இருந்தன என்பதை எண்ணிச் சொல்ல யாராலும் இயலாது. அதுதான் இந்த இழப்பின் தன்மை. இழந்தது இன்னதென்றுகூட நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

எல்லாக் காசுக்கும் ஒரே அளவுகோல் வைக்க நான் விரும்பவில்லை. பிரித்தானிய இந்தியாவின் கால் அணாக்கள் இன்றும் கிலோக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் துலக்கிப் பழகும் மாணவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். நண்பர் சிலர் இதை ஏற்பதில்லை; பழக்கம் கையில் ஏறிவிட்டால் அரிய காசையும் அதே கை தேய்க்கும் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. என் நிலைப்பாடு இதுதான்: வேறெங்கும் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லும் காசாக அது இருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுந்தாலே கை பின்வாங்க வேண்டும். காய்ந்த மண்ணை வாலைவடிநீரில் ஊறவைத்து நீக்கலாம். அதற்குமேல் எதையும் அறிந்தவரிடம் விட வேண்டும். செய்தது எதுவாயினும், காசு கைமாறும்போது அச்செய்தியும் உடன் போக வேண்டும். தீய நோக்கம் இல்லாதவரும் இதிலிருந்து விலகிவிட முடியாது. எனக்கும் நண்பனின் அண்ணனுக்கும் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஏமாற்றுக்காரன் அராவியிருந்தால் என்ன இழப்போ, அதே இழப்பை நாங்கள் அன்போடு செய்துமுடித்தோம்.

அண்மையில் அமிலமுறையை அறிந்த நண்பர் ஒருவர் என் காசை வாங்கிப் பார்த்தார். "ஒரு துளி விடுவோமா? அடியில் ஏதேனும் மிச்சமிருந்தால் அந்த எழுத்து தெரியலாம்" என்றார். தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிந்தாலும் சில நாள்தான். ஏற்கெனவே மெலிந்த தகடு இன்னும் மெலியும். ஒருமுறை அந்த எழுத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குப்பியின் மூடியைத் திறக்கும் வரை போய்விட்டோம். பிறகு மூடிவிட்டேன். காசைத் தொடாமலே உலோகத்தின் உள்ளிறுக்கத்தை வாசிக்கும் கருவி ஒருநாள் வரக்கூடும். அப்போது வாசிப்பதற்குக் கொஞ்சம் உலோகமாவது மிஞ்சியிருக்கட்டும்.

காசை ஒரு தாளுறையில் இட்டு மேலே இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: 'செம்பு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கிடைத்தது. எழுத்து இல்லை, முன்பு இருந்தது. 1986 இல் நான் தேய்த்தேன்.'